சட்டை உரித்த மாருதி

எங்கள் இலந்தைமேட்டில் ஒரு கார் சட்டை உரித்த கதையைக் கேட்டு யார் வந்தாலும், ஊர்க்காரர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது அந்தத் தகரம் எவ்வளவு மெல்லிசு என்பதைத்தான். பாம்பு மாதிரி ஒரு கார் எப்படிச் சட்டை உரிக்கும், அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது என்றெல்லாம் வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், வீட்டைவிடப் பட்டறை அதிகமாக இருக்கிற ஊர் இது. லாரிக்கு பாடி கட்டுவதுதான் தொழில். மாப்பிள்ளை பார்க்கப் போனால் படிப்பைக் கேட்பதற்கு முன்னால் வீட்டில் எத்தனை சக்கரம் ஓடுகிறது என்று கேட்பார்கள், சக்கரம் குறைந்தால் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், லாரிப் பட்டறைக்காரர் வீட்டில், லாரி கேபினில் ஏறினாலே தலைசுற்றிக் கீழே விழுகிற ஒருவன் பிறந்தான் என்றால் அவன் நான்தான்.

என் பெயர் சென்னியப்பன். ஐந்தடி உயரம் என்று சொல்லிக்கொள்வேன், அளந்து பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. என் அண்ணன் ராக்கியண்ணன் ஆறடிக்கு மேல், அகலம் அதற்குத் தகுந்தமாதிரி. அப்பாவின் பட்டறையை அவர் கையில் எடுத்து ஊரிலேயே பெரிய பட்டறையாக ஆக்கினார். ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்கிற தம்பியை என்ன செய்வது என்று யோசித்து, பட்டறை முகப்பில் எனக்கு ஒரு ஹாரன் கடை வைத்துக் கொடுத்தார். மலைப்பாதைக்கு ஒரு ஹாரன், மாட்டு வண்டியை மிரட்ட ஒரு ஹாரன், குழந்தை அழுகிறமாதிரி ஒரு ஹாரன் என்று விதவிதமாக விற்றேன். ஆனால் என் குரல் அப்படி, நான் விலை சொன்னால் வாடிக்கையாளர் காதைக் கிட்டே கொண்டுவந்து "என்னங்க?" என்று கேட்பார், மறுபடி சொன்னால் மறுபடி கேட்பார், கடைசியில் அவரே ஒரு விலையைச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்தக் காலத்தில் கார் என்றால் அம்பாசடர், அதை விட்டால் பியட், எதுவானாலும் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்போதுதான் டெல்லிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து சின்னதாக ஒரு கார் செய்கிறார்கள், மாருதி என்று பேர், நம்மைப் போன்றவர்கள்கூட வாங்கலாமாம், பேர் கொடுத்தால் குலுக்கலில் விழுமாம் என்று பேச்சு வந்தது. என் மனைவி வசந்தாமணி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பேர் கொடுத்துவிட்டாள். அவள் அப்பன் வீட்டில் டிராக்டர் ஓட்டி வளர்ந்தவள். நானும் கல்யாணமான புதிதில் அவளுக்கு முன்னால் கெத்துக் காட்ட மாமனாரின் டிராக்டரில் ஏறி ஒரு வைக்கோல் போரில் விட்டிருக்கிறேன். போர் அசையவில்லை, என்னைத்தான் அதற்குள்ளிருந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஓட்டுவது யார் என்ற கேள்வியே எழவில்லை.

எண்பத்தைந்தில் கார் வந்தது. சேலத்திலிருந்து அவளே ஓட்டி வந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்திக்கொண்டு வந்தேன். சிவப்பு நிறம், மூலைமூலையாக, தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தமாதிரி. எண்ணூறு என்று பெயர், ஆனால் எஞ்சின் அளவைச் சரியாகச் சொன்னால் நாலு சிசி குறைவு என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசமே வந்தது. ஐந்தடி என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு ஏற்ற வண்டி.

பட்டறை வாசலில் வண்டி நின்றதும் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அண்ணன் வந்தார். குனிந்து பார்த்தார், இன்னும் குனிந்து பார்த்தார்.

"ஏண்டா சென்னி, இது வண்டியா, இல்ல வண்டி பின்னால வருதுன்னு சொல்லி அனுப்புன ஆளா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் என் வழக்கம்.

"பெட்ரோல் கம்மியாக் குடிக்குதுங்க மாமா. சந்துபொந்தெல்லாம் போகுதுங்க" என்று அண்ணனிடம் சொன்னாள் வசந்தாமணி.

"அம்மிணி, எங்க லாரியில டூல்ஸ் பொட்டி இதைவிடப் பெருசா இருக்கும். ராக்கியண்ணன் தம்பி சோப்பு டப்பாவுல போறான்னு ஊர்ல பேசுனா எனக்குத்தான் கேவலம். ஒரு வார்த்த கேட்டிருந்தா நல்ல அம்பாசடரா வாங்கித் தந்திருக்க மாட்டனா? சொல்லிப்போட்டேன், என்ர பொணங்கூட இதுல ஏறாது."

அன்றிலிருந்து அண்ணன் எங்களோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே கட்டடத்தில் அவர் உள்ளே, நான் முகப்பில். எதிரே வந்தால் என் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு போவார், அவர் உயரத்துக்கு அது சிரமமாகவும் இல்லை. நான் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஹாரன்களைத் துடைத்துக்கொண்டு, பட்டறைக்குள் அவர் யாரையாவது திட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னைத் திட்டாமல் மற்றவர்களைத் திட்டுகிறாரே என்று இருக்கும்.

அடுத்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் காரின் முன்விளக்கு இரண்டும் பாலாடை படிந்தமாதிரி மங்கிப்போயின. சாவியைத் திருகினால் ஒரு முனகல், அவ்வளவுதான். சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து மாட்டிவிட்டு, வண்டிக்கு ஒன்றுமில்லை, அதற்கு மனசு சரியில்லைபோல என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் வாழைமட்டை கிழிகிறமாதிரி ஒரு நீண்ட சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், பானெட் நடுவில் ஒரு கீறல் விட்டு, அது கூரைவரை ஓடி, அதற்குள்ளிருந்து கார் மெதுவாக, யாரும் தள்ளாமல், யாரும் ஓட்டாமல், ஈரமாகப் பளபளத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்து, பின்சக்கரத்தைக் கடைசியாக ஒரு உதறு உதறி விடுவித்துக்கொண்டு நின்றது. பழைய தீப்பெட்டி பின்னால் வெறுங்கூடாகக் கிடந்தது. முன்னால் நின்றது மூலைகளெல்லாம் வழவழப்பான, மூக்கு சற்றுத் தணிந்த வேறொரு வடிவம். அந்த வருடம்தான் கம்பெனி மாருதியின் உருவத்தை மாற்றி வெளியிட்டிருந்தது. எங்கள் வண்டிக்கு அந்தச் சேதி எந்த வழியில் வந்ததோ, அதுவும் மாறிக்கொண்டது.

தெருவே கூடியது. பட்டறைக்காரர் ஒருவர் உரிந்த சட்டையைக் கையில் எடுத்தார், வளைத்தார், விரலால் சுண்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அட, இவ்வளவு மெல்லிசா!" என்றார் அவர்.

அதற்குமேல் ஆச்சரியப்பட எங்கள் ஊருக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் டீக்கடையில் நடந்த பேச்செல்லாம் தகரத்தின் கனம் பற்றியே இருந்தது. உரிந்த கூரை ஒருவர் வீட்டில் கோழிக்கூண்டு ஆயிற்று, கதவு ஒன்று சலூனில் மறைப்புத் தட்டி ஆயிற்று, பானெட்டில் ஒரு அக்கா வருடம் முழுக்க வடகம் காயவைத்தாள். செவ்வாய்க்கிழமைகளில் சில பெண்கள் வந்து புகைக்குழாய்க்குப் பக்கத்தில் முட்டையும் பாலும் வைத்துவிட்டுப் போனார்கள். முட்டையை நாய் தின்றது, பாலை வசந்தாமணி காபிக்கு எடுத்துக்கொண்டாள். பிறகு யாரோ இது தொற்றக்கூடியது என்று கிளப்பிவிட, பழைய ஸ்கூட்டர், மொபெட், கிழிந்த சீட்டுள்ள சைக்கிள், தண்ணீர் இறைக்கும் மோட்டார்கூட எங்கள் சந்தில் வரிசையாக வந்து நின்றன. காருக்குப் பக்கத்து இடத்துக்குச் சண்டை நடந்தது. ஒருநாள் மதியம் கடையிலிருந்து சீக்கிரம் வந்தபோது, எங்கள் சந்துக்குள் எப்படித்தான் நுழைந்ததோ, அண்ணனின் பழைய லாரி ஒன்று காரை ஒட்டி நின்றது. நான் பார்க்காததுபோல வந்த வழியே திரும்பிப் போய்விட்டேன். லாரி ஒரு போல்ட்டைக்கூட உரிக்கவில்லை. மறுநாள் அது அங்கே இல்லை, அதைப் பற்றி ஊரில் யாரும் பேசவும் இல்லை.

சிக்கல் வந்தது பிரேக் இன்ஸ்பெக்டர் தேவசகாயத்தால். வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற அதிகாரி அவர், தப்பு என்றால் தப்பு என்கிற மனுசன். எங்கள் வாசலில் நின்று காரைப் பார்த்தார், கோழிக்கூண்டாக இருந்த கூரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நம்பர் ஒண்ணு, உருவம் ரெண்டு. இதுல எதுய்யா உங்க வண்டி?"

நான் வாயைத் திறந்தேன். "அது வந்துங்க சார், ஒரு வகையில பாத்தா…" என்று ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது, எங்கே முடித்தேன் என்பது ஞாபகமில்லை. அவர் காதைக் கிட்டே கொண்டுவந்து "என்னங்க?" என்றார்.

வசந்தாமணி உள்ளேயிருந்து வந்தாள். "ஓடறது எதுங்களோ அதுதானுங்க சார் வண்டி."

தேவசகாயம் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தன் மகன் போன வருடம் போட்ட சட்டை இந்த வருடம் அவனுக்குப் பற்றவில்லை, அதற்காக அவனுக்குப் புதுப்பேர் வைக்கவா போகிறோம் என்று தானே சொல்லிக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். அதன்பிறகு எங்கள் காருக்கு அரசாங்கத்தால் ஒரு தொல்லையும் வந்ததில்லை.

இப்படி வருடங்கள் போயின. ஊரில் பாதிப்பேர் மாருதி வாங்கினார்கள், எதுவும் உரிக்கவில்லை, உரிக்காத காரை வைத்திருப்பவர்கள் எங்களைக் கொஞ்சம் ஏழைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நிலையாக ஒரு வண்டி வாங்க வக்கில்லாதவர்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. பிரசவம், காய்ச்சல், கல்யாணம் எதுவானாலும் சந்துக்குள் நுழையக்கூடிய வண்டி என்று எங்களைத்தான் கூப்பிட்டார்கள். வசந்தாமணி போவாள். அண்ணன் மட்டும் பேசவில்லை. வெளியூர் மண்டபத்தில் நடந்த அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தோம், அவ்வளவு மரியாதை வைத்திருந்தோம்.

தொண்ணூற்றேழில் மறுபடி விளக்கு மங்கியது. இந்தத் தடவை எங்களுக்கு விஷயம் தெரியும், வண்டியை நிழலில் விட்டு, தொடாமல் வைத்திருந்தோம். பானெட்டில் கீறல் விழுந்த அன்று காலையில், பட்டறைக்குள் ஏதோ விழுந்த சத்தம். லாரியின் பக்கப்பலகை விழுந்ததாக நினைத்தேன். அண்ணன் விழுந்திருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேர்த்துக் கொட்டி, வெளுத்துப்போய்க் கிடந்தார்.

பட்டறை நிறைய லாரி. ஒன்றுக்குச் சக்கரம் இல்லை, ஒன்றுக்கு எஞ்சின் இல்லை, ஓடக்கூடியது ஒன்று மட்டும், அதற்கு முன்னால் ஓடாதவை வரிசையாக நின்று தெருவையே அடைத்திருந்தன. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள், வந்தாலும் இந்தத் தெருவுக்குள் நுழையாது. நான் "யாராச்சும் ஏதாச்சும் பண்ணுங்க" என்று கத்தினேன், பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை.

வசந்தாமணி வீட்டு நிழலில் நின்ற காரிடம் ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். கீறல் விட்ட பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, "கண்ணு, உனக்கு வலிக்கும்னு தெரியும். போய்ட்டு வந்து உரிச்சுக்கலாம் வா" என்றாள். சாவியைத் திருகினாள். முனகியது. மறுபடி திருகினாள். அடித்தொண்டையில் இருமிக்கொண்டு எஞ்சின் பிடித்தது.

லாரிகளுக்கு நடுவில், சுவரை உரசிக்கொண்டு, கார் பட்டறைக்குள் நுழைந்தது. ஆறு பேர் சேர்ந்து அண்ணனைத் தூக்கி முன்சீட்டைச் சாய்த்து அதில் மடித்து வைத்தார்கள். நான் பின்னால் ஏறி அவர் தலையை என் மடிப்பக்கமாகத் தாங்கிக்கொண்டேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் வண்டி உரியத் தொடங்கியது. முதலில் ஹாரன் கழன்று விழுந்தது. பிறகு முன் பம்பர். வேலகவுண்டம்பட்டிப் பக்கம் பானெட் காற்றில் எழும்பிப் பறந்து போய்க் கரும்புக் காட்டில் விழுந்தது. வழியில் எதிரே வந்தவர்களெல்லாம் ஒரு கார் ஓட ஓடத் தன் உடம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள், ஒதுங்கவேண்டிய லாரிகள் மட்டும் ஒதுங்கவில்லை.

"ஹாரன் அடிங்க!" என்றாள் வசந்தாமணி.

"ஹாரன் இல்லயே!"

"உங்க வாய் இருக்குதல்லங்க!"

ஊருக்கெல்லாம் ஹாரன் விற்ற நான், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பாம்! பாம்!" என்று கத்தினேன். முதலில் எனக்கே கேட்கவில்லை. பிறகு மடியில் கிடந்த முகத்தைப் பார்த்தேன், உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து கிளம்பியது. மாட்டுச் சந்தையில்கூட அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. முன்னால் போன டேங்கர் லாரி அலறியடித்து மண்ணில் இறங்கி வழிவிட்டது. நான் நிறுத்தவில்லை. நாமக்கல் வரைக்கும் கத்திக்கொண்டே போனேன். கண்ணில் தண்ணீர் காற்றுக்கா எதற்கா என்று தெரியாமல் வழிந்தது.

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். எங்களிடம் பேச்சை நிறுத்திய அத்தனை வருடங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"டேய்… மலைப்பாத ஹாரன அடிடா" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது கார் முழுக்க உரிந்து, முகம் உருண்டு, அந்த வருடத்துப் புதிய அழகோடு இருந்தது. ஒன்றைத் தவிர. பாதியில் கிளப்பியதாலோ என்னவோ, இடதுபக்கப் பின்கதவு உரியாமல் வாடிக் கருகி உதிர்ந்துபோய், அந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. அண்ணன் பிழைத்தார். பத்து நிமிடம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தபோது அண்ணி கையெடுத்துக் கும்பிட்டு அவரை மேலே பேசவிடவில்லை.

வீட்டுக்கு வந்து படுக்கையிலிருந்து எழுந்ததும் அண்ணன் செய்த முதல் வேலை, எங்கள் காருக்கு ஒரு கதவு செய்ததுதான். தன் கையாலேயே செய்தார். நன்றி என்று வாயால் சொல்லத் தெரியாத மனிதர், லாரிக்குப் போடுகிற கனத்த தகடு, லாரிக்குப் போடுகிற தாழ்ப்பாள் எல்லாம் போட்டு, வெளிப்பக்கம் ஒரு தாமரைப்பூ வரைந்து, அதற்குக் கீழே நல்ல எழுத்தில் 'துணை' என்று எழுதி மாட்டிவிட்டார். அந்தக் கனத்துக்குக் கார் இடதுபக்கமாகச் சாய்ந்தது. நேராக ஓட்டினால் இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் நிற்கும். வசந்தாமணி ஸ்டியரிங்கை வலதுபக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டப் பழகினாள். எடுத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு, "மாமா பாசத்தோட மாட்டுனது, இருந்துட்டுப் போகுது" என்றாள். வலதுபக்கப் பின்சீட்டில் ஒரு மூட்டை உப்பை நிரந்தரமாக ஏற்றிவைத்துக்கொண்டோம்.

இரண்டாயிரத்தில், கார்புரேட்டர் போய் வேறு ஏற்பாடு வந்து, நான்கு கியர் ஐந்தாகிற சமயத்தில், வண்டி மறுபடி உரித்தது. மற்ற சட்டையெல்லாம் பூப்போலக் கழன்றது, அண்ணன் கதவு மட்டும் 'டமார்' என்று தெருவில் விழுந்து குழி பறித்தது. அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"துப்பிருச்சு பாத்தியா? ராக்கியண்ணன் வேலயத் துப்பிருச்சு!"

"துப்பலீங்க மாமா. வளந்துருச்சு" என்றாள் வசந்தாமணி.

அவர் ஒரு வாரம் காரோடு பேசவில்லை. எங்களோடு பேசினார், காரோடுதான் பேசவில்லை.

பிறகு காலம் வேகமாக ஓடியது. ரோட்டில் வண்டிகள் உயர்ந்துகொண்டும் அகன்றுகொண்டும் போயின. அண்ணன் மட்டும் வருடத்துக்கு ஒரு அளவு சிறிதானார். நெஞ்சு நோவும் பத்தியமுமாக, முன்சீட்டைச் சாய்க்காமலே உட்கார முடிகிற அளவுக்கு ஆகிவிட்டார். வண்டிப் புகைக்கான சட்டம் மாறிப் பெரிய நகரங்களில் மாருதி எண்ணூறை விற்கக்கூடாது என்று ஆயிற்று. இரண்டாயிரத்துப் பதினான்கு தை மாதத்தில், தொழிற்சாலையில் இனி எண்ணூறு செய்யப்போவதில்லை என்று பேப்பரில் வந்தது.

அடுத்த மாதமே எங்கள் வண்டிக்கு விளக்கு மங்கியது.

ஊர் இரண்டானது. ஒரு கட்சி, இனி மாற வேறு வடிவம் இல்லை, ஆகவே வண்டி செத்துவிடும் என்றது. இன்னொரு கட்சி, இத்தனை காலம் கம்பெனி சொன்னபடி கேட்டது, இனி அதற்கு எஜமான் இல்லை, இஷ்டத்துக்கு வளரும், பெரிய வண்டியாகத்தான் வெளியே வரும் என்றது. நான் இரண்டாவது கட்சி. வயது அறுபதாகியும் எனக்குப் புத்தி வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் படிக்கட்டு வைத்து ஏறுகிற வண்டி ஒன்று வாங்கியிருந்தார், அதைப் பார்த்துப் பார்த்து, கூரையில் ஜன்னல் வைத்த, ஏழு பேர் உட்காருகிற ஒன்று எங்கள் காருக்குள் மடங்கிப் படுத்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆள் வைத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை இடித்து, லாரி நுழைகிற அகலத்துக்கு ஒரு கேட் போட்டேன்.

ஆனால் கார் உரிக்கவில்லை. கீறல் விழுந்து, அப்படியே நின்றுவிட்டது. நாளாக ஆகச் சட்டை காய்ந்து இறுகிக்கொண்டு வந்தது. உரிக்க முடியாத பாம்பு அந்தச் சட்டைக்குள்ளேயே செத்துப்போகும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வசந்தாமணி சாப்பிடவில்லை. சாக்குகளை நனைத்து வண்டிமேல் போர்த்தினாள். காய்ந்ததும் எடுத்து, மறுபடி நனைத்துப் போட்டாள்.

அண்ணன் பட்டறை ஆட்களோடும் டேப்போடும் வந்தார். "அதுக்கு என்னாகறதுன்னு தெரியாம நிக்குது அம்மிணி. அளவு நான் சொல்றேன். நம்ம ஆளுங்க ஒரு வாரத்துல பாடி கட்டிருவாங்க. நல்லா உசரமா, அகலமா…"

"கூரையில ஜன்னல் ஒண்ணு வெச்சு…" என்றேன் நான்.

வசந்தாமணி நனைந்த சாக்கைக் கையில் பிடித்தபடி திரும்பினாள். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையில், நான் ஐந்தடியிலிருந்து இன்னும் குறைந்தேன்.

"பொறந்ததுலருந்து ஒவ்வொருத்தரும் அது பத்தல பத்தலன்னே சொல்லிட்டு இருக்கறீங்க. நெஞ்சு வலியில கெடந்தப்ப பத்துச்சுங்களா மாமா? அது என்னவோ ஆகட்டும். எனக்குச் சாகாம இருந்தாப் போதும்" என்றாள். குரல் உடைந்தது. அவள் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அண்ணன் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். ஆட்களைப் போகச் சொன்னார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வாளியைக் கையில் எடுத்தார். நானும் ஒன்றை எடுத்தேன். மாசி வெயிலில் மூன்று கிழடுகள், ஒரு காருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து செல்போனில் படம் எடுத்தார், எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். நான் பின்சீட்டுப் பக்கமாகக் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, என் குரலில் அது சுலபம், "ஜன்னலெல்லாம் வேண்டாம், நீ வெளிய வா" என்று சொன்னேன்.

மறுநாள் முற்பகலில் அந்தப் பழைய சத்தம் கேட்டது. கிழிந்தது, கூரை பிளந்தது. ஊரே அகலமான கேட்டுக்கு வெளியே கழுத்தை நீட்டி நின்றது. ஈரத்தோடு, நடுங்கிக்கொண்டு, பின்சக்கரத்தை உதறி, கார் முன்னால் வந்து நின்றது.

அதே வண்டி. உருண்டை முகம், நான்கு கதவு, சிவப்பு நிறம். ஒரு விரற்கடைகூட ஏறவில்லை, இறங்கவில்லை. புதிதாக மட்டும் இருந்தது.

கூட்டத்தில் ஒரு பெரிய பெருமூச்சு கிளம்பியது. "இதுக்கா இத்தன பாடு?" என்று ஒருவர் கேட்டார். தகரத்தை விரலால் சுண்டிப் பார்த்தார்கள், கலைந்து போனார்கள். நான் என் கேட்டைப் பார்த்தேன், காரைப் பார்த்தேன், சிரித்துவிட்டேன். இந்த முறை யாரும் சிரிக்காமலே சிரித்தேன்.

வசந்தாமணி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள், ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது.

"ஏறுங்க" என்றாள்.

"எங்க?"

"இத்தன வருசமா இதுல ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் எழவுக்குந்தான் போயிருக்கறோம். அதுவும் மத்தவங்களோடது. நான் இன்னும் கடலப் பாத்ததில்ல."

அண்ணன் யாரும் கூப்பிடாமலே முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். நான் வழக்கம்போலப் பின்னால்.

காவிரியை ஒட்டியே போய், கரூர், திருச்சி, தஞ்சாவூர் தாண்டி, மறுநாள் மதியத்துக்கு மேல் தரங்கம்பாடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். கண்ணுக்கெட்டிய வரைக்கும் தண்ணீர். அதற்கு முன்னால் நிற்கையில் எங்கள் கார், எதிர்வீட்டு வண்டி, அண்ணனின் பட்டறை, அவர் கட்டிய அத்தனை லாரி, எல்லாம் ஒரே அளவாகத்தான் தெரிந்தன. வசந்தாமணி செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை இறங்கி நின்றாள். அண்ணன் கரையில் உட்கார்ந்து, "இதுக்கு பாடி கட்ட முடியாதுடா" என்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது, பெரிய வண்டி ஒன்றில் வந்த இளைஞர்கள் எங்கள் காரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"செமயா மெயின்டெயின் பண்ணிருக்கீங்க ஆன்ட்டி. இது எந்த வருஷத்து மாடல்?"

வசந்தாமணி புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"இந்த வருசத்து மாடல்தானுங்க தம்பி."

அவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. நான் அவளைத் திருத்தலாம் என்று வாயெடுத்தேன், திருத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.